முதல் பக்கத்துக்கு என்ன விலை?

மாதம் ஆறாயிரம் ரூபாய். பத்து கீவேர்ட், நூறு பேக்லிங்க், மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட். கோவையில் சிறுதொழில் நடத்துகிறவர்களின் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி எப்படியும் வந்து கிடக்கும். கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. தொழிலுக்குள் நான் நுழைந்ததே இந்த மாதிரி பேக்கேஜ் விற்கும் ஓர் அலுவலகத்தின் வழியாகத்தான். அதனால் அந்த ஆறாயிரம் உள்ளே போனபின் என்ன ஆகிறது என்ற கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அங்கே வேலை பார்க்கும் ஒரு பையனிடமோ பெண்ணிடமோ இருபது வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். மாதம் இருபத்தைந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 200 மணி. ஒரு வாடிக்கையாளருக்குப் பத்து மணி. ரிப்போர்ட் போட இரண்டு மணி போய்விடும். “என்ன தம்பி, இன்னும் மேல வரலையே” என்ற போன்களுக்குப் பதில் சொல்ல இன்னும் இரண்டு மூன்று மணி. மிச்சம் ஐந்து. ஐந்து மணியில் நூறு பேக்லிங்க் என்றால் ஒன்றுக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் யாரிடமும் பேசி, உங்கள் தொழில் பற்றிச் சொல்லி, அவருடைய தளத்திலிருந்து உங்களுக்கு ஓர் இணைப்பு வாங்க முடியாது. ஆள் நடமாட்டமே இல்லாத டைரக்டரிகளிலும் செத்துப்போன தளங்களிலும் உங்கள் முகவரியை ஒட்டிவிட்டு வரலாம். அதைத்தான் செய்வார்கள். இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வராது. நூறு கேட்டீர்கள், நூறு வந்தது. அதே ஐந்து மணியில் உங்கள் வாடிக்கையாளர் கேட்கும் ஒரு கேள்விக்கு உருப்படியான ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். ஆனால் “மாதம் ஒரு பக்கம், ஆறாயிரம்” என்று செய்தி அனுப்பினால் யார் வாங்குவார்கள்?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கூகுளில் விளம்பரத்துக்கான இடம் விற்பனைக்கு உண்டு. ‘ஸ்பான்சர்டு’ என்று அதற்கு மேலேயே போட்டிருப்பார்கள். அந்தக் குறி இல்லாத மற்ற இடங்களை கூகுளே விற்பதில்லை. தன்னிடம் இல்லாத சரக்கை ஒரு எஸ்.இ.ஓ.காரர் எப்படி விற்பார்? அவரிடம் இருப்பது நேரமும் அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்ற தெளிவும். நீங்கள் வாங்குவது அந்த இரண்டையும்தான். “முதல் பக்கத்துக்கு என்ன ஆகும்?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “மாதம் எத்தனை மணி நேரம், யார் உட்கார்ந்து, என்ன செய்வார்?” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே தடுமாறுவார்கள்.

கியாரண்டி கொடுப்பவரைப் பற்றி நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை. தரவரிசையில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. எஸ்.இ.ஓ. ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று 2017இல் கூகுள் ஒரு வீடியோவும் வெளியிட்டது. கூகுளில் அப்போது வேலை பார்த்த மைலி ஓயே பேசியிருப்பார். மாற்றங்களைச் செய்து அதன் பலன் தெரிவதற்குப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகும் என்கிறார். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது, ஆகஸ்ட் கடைசியில் போன் செய்து “பட்டாசு சீசனுக்குள்ள ஏத்திடலாமுங்களா?” என்று கேட்பவர்களிடம் இந்த நான்கு மாதத்தைத்தான் சொல்கிறேன். அந்தப் பணத்தை இந்த வருடம் விளம்பரத்துக்குக் கொடுங்கள், எஸ்.இ.ஓ. வேலையை அடுத்த சீசனுக்கென்று தையில் தொடங்குங்கள்.

‘கூகுள் பார்ட்னர்’ என்ற முத்திரையைக் காட்டினால் மயங்கவேண்டாம். அது விளம்பரக் கணக்குகளைக் கையாள்பவர்களுக்குத் தரப்படுவது, எஸ்.இ.ஓ. திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. “கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்கள் கடை மேப்பிலிருந்து எடுக்கப்படப் போகிறது, பணம் கட்டுங்கள்” என்று வரும் அழைப்பு வேறு வகை. அது மோசடியேதான். மேப்பில் கடையைப் பதிவது இலவசம்.

இனி, வேலை என்பது என்ன? கோவையில் கணபதி பக்கம் ஒரு சிறிய பம்ப்செட் கம்பெனி. பெயர் வேண்டாம். ஐயா பெரியவர், லேத்தில் தொடங்கி மேலே வந்தவர். முதல் சந்திப்பில் ஒரு ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் போட்டார். “பாருங்க தம்பி, பத்துக்கு எட்டு வார்த்தையில நாம ஒண்ணாம் நம்பருங்க. போன் மட்டும் ஏனுங்க வர மாட்டேங்குது?” அந்த எட்டில் மூன்று அவருடைய கம்பெனிப் பெயர். கம்பெனிப் பெயரைத் தேடினால் அந்தக் கம்பெனி வராமல் வேறு எது வரும்? மற்ற ஐந்தும், ‘தலைசிறந்த தரமான சப்மெர்சிபிள் பம்ப் உற்பத்தியாளர் ஏற்றுமதியாளர் கணபதி கோயம்புத்தூர்’ என்கிற ரீதியில் ஆங்கிலத்தில் கோத்த சரங்கள். இப்படி எந்த விவசாயியும் தேடமாட்டார். தளம் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து காட்டினேன். அந்தச் சரங்களில் சிலவற்றுக்கு மாதத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இம்ப்ரெஷன், அதாவது தேடலில் தோன்றிய தடவை. போட்டியே இல்லாத ஓட்டத்தில் முதல் பரிசு.

தளத்தில் இருந்த பக்கங்களோ கேட்டலாக்கின் நகல். ஹெட் மீட்டரில், டிஸ்சார்ஜ் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர். இன்ஜினியருக்கு அது போதும். வாங்குகிறவர் அடிக்கணக்கில் பேசுகிறவர். “எண்ணூறு அடி போருங்க, ஒன்றரை இஞ்ச் தண்ணி இருக்குது, எத்தனை எச்.பி. போடலாமுங்க?” இதுதான் டீலர் கடைக்கு நாள்தோறும் வரும் கேள்வி. இந்த அடியும் இஞ்சும் தளத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. ஒரு டீலர் கடையில் நின்று, கல்லாவில் இருந்த பையன் போனில் சொல்லும் பதில்களை எழுதிக்கொண்டேன். வி4, வி6 போருக்கு எதைப் போடுவது. சிங்கிள் பேஸ் கரண்டை வைத்துக்கொண்டு எவ்வளவு ஆழம் போகலாம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, என்ன காரணம். கேபிள் எத்தனை எம்.எம். வாங்குவது. ஒவ்வொன்றும் ஒரு பக்கம். எழுதியவன் நான், பதில் சொன்னவர் நாற்பது வருடம் பம்ப் கழற்றிய கம்பெனி ஃபோர்மேன். அவர் பெயரையும் போட்டோவையும் பக்கத்தில் போட்டோம்.

இன்னொரு வேலை, மக்கள் தட்டச்சு செய்யும் விதத்தைப் பார்ப்பது. தமிழ் எழுத்தில் தேடுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தும் தேடுகிறார்கள். மைக்கை அழுத்திப் பேசியும் தேடுகிறார்கள். தமிழ் எழுத்தில் வந்ததும் ஆங்கில எழுத்தில் வந்ததும் சர்ச் கன்சோலில் தனித்தனி வரியாக வந்து நிற்கும். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழுக்கென்று அதே எழுத்தில் ஒரு பக்கம் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். அப்படிப் பக்கம் முழுக்க எழுதினால் படிக்கிறவருக்குக் கண் வலிக்கும். நல்ல தமிழில் எழுதி, பொருளின் பெயரையும் மாடல் எண்ணையும் அவர்கள் அடிக்கும் எழுத்திலும் ஓரிடத்தில் சேர்த்தாலே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது வேலை கொஞ்சம் சுவாரஸ்யம் குறைந்தது. ஒவ்வொரு படமும் காமிராவிலிருந்து வந்தபடியே ஏற்றப்பட்டு, பக்கம் திறக்கவே நேரமானது. படங்களைச் சுருக்கினோம். ஒரே பம்புக்கு மூன்று முகவரியில் மூன்று பக்கம் இருந்தது, ஒன்றாக்கினோம். போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படி செய்தோம். ஆறேழு மாதம் கழித்துத் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கமிருந்தெல்லாம் அழைப்பு வரத் தொடங்கியது. பேக்லிங்க் என்று பார்த்தால், இரண்டு டீலர்களின் தளங்களிலிருந்து வந்த இணைப்புகளைத் தவிர நாங்களாக எதையும் தேடிப்போகவில்லை.

விலைக்கு வருகிறேன். என் கண்ணில் பட்டவரை, கோவையிலும் சென்னையிலும் தனியாகச் செய்யும் அனுபவசாலிகள் ஒரு சிறு நிறுவனத்துக்கு மாதம் பதினைந்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பொருள் வைத்திருக்கும் ஆன்லைன் கடை என்றால் லட்சத்தைத் தாண்டும். இதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சொன்ன விலையில் அது சேர்த்தியா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் அதை இன்புட் கிரெடிட்டில் எடுத்துக்கொள்ளலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு இருபது லட்சத்துக்குள் இருக்கும் ஃப்ரீலான்சர் பதிவே செய்யாமல் இருக்கலாம், அவரிடம் ஜி.எஸ்.டி. பில்லை எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் அடுத்தவர் என்ன கேட்கிறார் என்பதைவிட, உங்களுக்கு எவ்வளவு கட்டுப்படி ஆகும் என்பதுதான் முதலில் போடவேண்டிய கணக்கு. ஓர் ஆர்டரில் உங்களுக்கு நிற்பது 30,000 ரூபாய், பத்து என்கொயரியில் ஒன்று ஆர்டராகிறது என்று வையுங்கள். ஒரு என்கொயரியின் மதிப்பு 3,000. மாதம் 18,000 கொடுத்தால், கூடுதலாக ஆறு என்கொயரி வந்தால்தான் போட்ட பணம் திரும்பும். ஆறு வரும் சந்தையா உங்களுடையது? இந்தக் கேள்விக்கு நேர்மையான எஸ்.இ.ஓ.காரர் பதில் தேடிப் பார்ப்பார். “உங்கள் பொருளை மாதத்துக்கு இத்தனை பேர்தான் தேடுகிறார்கள், எஸ்.இ.ஓ. உங்களுக்கு லாயக்கில்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம்தான் நான் பிறகு ஆள் அனுப்பினேன்.

இந்தக் கணக்கில் தேறாத தொழில்கள் நிறைய. இட்லி மாவு கடை, மெஸ், தையல் கடை, தெருமுனை மருந்துக்கடை இவர்களுக்கெல்லாம் மாதக் கட்டண எஸ்.இ.ஓ. எதற்கு? மேப்பில் கடை விவரம் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் போதும். சரியான போன் எண், திறக்கும் நேரம், பண்டிகை நாள் விடுமுறை, நீங்களே எடுத்த நல்ல போட்டோக்கள், வந்த விமர்சனங்களுக்கு இரண்டு வரி பதில். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை வாரம் அரை மணி உட்கார்ந்தால் முடிகிற காரியம். விமர்சனத்தைக் காசு கொடுத்து வாங்குவது மட்டும் வேண்டாம். விதிக்கு விரோதம், அதோடு ஒரே நாளில் முப்பது பேர் ‘சூப்பர் சர்வீஸ்’ என்று எழுதியிருந்தால் பார்க்கிறவருக்கே தெரிந்துவிடும்.

கட்டணம் வாங்கும் முறையிலும் சூட்சுமம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது, முதலில் தளத்தை முழுதாகப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தருவதற்கு ஒரு தனிக் கட்டணம். அந்த அறிக்கை கைக்கு வந்தபின் அதே ஆளிடம் வேலை கொடுப்பதோ, வேறு ஆளிடம் கொடுப்பதோ, உங்கள் ஆட்களை வைத்தே செய்துகொள்வதோ உங்கள் விருப்பம். அறிக்கையைப் படித்தாலே அவர் உங்கள் தொழிலைப் புரிந்துகொண்டாரா, ஏதோ ஒரு டூலில் பட்டனைத் தட்டிப் பி.டி.எஃப். எடுத்தாரா என்பது விளங்கிவிடும். அதன்பின் மாதக் கட்டணம். முதல் மூன்று நான்கு மாதத்துக்கு ஒப்பந்தம், பிறகு எந்த மாதமும் நிறுத்தலாம் என்ற நிபந்தனை. ஒரு வருடத் தொகையை முன்பணமாகக் கேட்டு இருபது சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்பவரிடம், தள்ளுபடி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

“ரேங்க் வந்தால் மட்டும் காசு” என்ற முறை கேட்க நியாயமாக இருக்கும். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை, மற்றவர்களுக்கும் சொல்வதில்லை. காசு ரேங்க்குக்கு என்று ஆனபின், எந்த வார்த்தைக்கு ரேங்க் சுலபமோ அந்த வார்த்தையை நோக்கித்தான் வேலை போகும். கணபதி பம்ப்செட் ஐயாவின் எட்டு ‘ஒண்ணாம் நம்பர்’களும் அப்படி வந்தவைதான். சுலபமான வார்த்தை கிடைக்காதபோது குறுக்குவழி. குறுக்குவழியின் தண்டனை வேலை செய்தவருக்கு வராது, தளத்தின் சொந்தக்காரருக்குத்தான் வரும்.

அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனத்துக்கு நடந்தது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். 2010 கிறிஸ்துமஸ் வியாபாரக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடைதான் முதலில் நின்றது. காரணம் தேடிப்போன நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் அந்தக் கடைக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் நடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் வெளியிட்டது. கூகுள் கையை வைத்தது. பயணப் பெட்டி தேடலில் முதலிடத்தில் நின்ற கடை இரண்டே மணி நேரத்தில் எழுபதுக்கும் கீழே போனது. எங்களுக்குத் தெரியாது என்றது நிறுவனம், எஸ்.இ.ஓ. ஏஜென்சியை வேலையை விட்டு நீக்கியது. ஏஜென்சி போய்விட்டது, கீழே கிடந்தது கடைதான். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கூகுள் ‘பெங்குயின்’ மாற்றத்தைக் கொண்டுவந்தபின் இந்த மாதிரி இணைப்புகளைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஆள் வேண்டியதில்லாமல் போயிற்று. ‘நூறு பேக்லிங்க்’ பேக்கேஜ் இன்றும் விற்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆளை நேரில் உட்கார வைத்துப் பேசும்போது நான் பார்க்கச் சொல்வது, அவர் என்ன கேட்கிறார் என்பதை. எந்தப் பொருளில் உங்களுக்கு லாபம் அதிகம், யார் வாங்குகிறார், வாங்குமுன் என்ன சந்தேகம் கேட்கிறார், தளத்தை யார் கட்டினார், இதற்குமுன் யாராவது இணைப்பு வாங்கிப் போட்டார்களா, சர்ச் கன்சோல் இருக்கிறதா என்று அவர் கேட்கவேண்டும். எதையும் கேட்காமல் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறவருக்கு எல்லாத் தொழிலும் ஒன்றுதான். நீங்கள் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு: நீங்கள் கையாண்ட ஒரு தளம் கீழே விழுந்த கதையைச் சொல்லுங்கள், என்ன செய்தீர்கள்? கூகுள் வருடத்தில் பலமுறை தன் தரவரிசைக் கணக்கை மாற்றுகிறது. சில வருடம் இந்தத் தொழிலில் இருந்த யாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். இல்லை என்பவர் புதியவர், அல்லது மறைக்கிறவர்.

“உங்கள் டொமைன் அத்தாரிட்டியை இருபதிலிருந்து நாற்பதாக்கித் தருகிறோம்” என்ற பேச்சும் வரும். டொமைன் அத்தாரிட்டி என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கணக்கு. டொமைன் ரேட்டிங் என்பது ஏரெஃப்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தினுடையது. கூகுள் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. ஒப்பந்தத்தில் ‘மெட்டா கீவேர்ட் சேர்த்தல்’ என்று ஒரு வரிக்குக் காசு போட்டிருந்தாலும் கவனியுங்கள். அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.

சாவிகள் விஷயத்தில் மட்டும் நான் கறார். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்கியதாக இருக்கவேண்டும். தளம் கட்டியவர் தன் பெயரில் டொமைனை வாங்கி வைத்திருப்பது, வீட்டை நீங்கள் கட்ட, பட்டா மேஸ்திரி பெயரில் இருப்பது போலத்தான். சர்ச் கன்சோலில் ‘ஓனர்’ நீங்கள். ஏஜென்சிக்கு ‘ஃபுல் யூசர்’ அனுமதி கொடுத்தால் அன்றாட வேலைக்குத் தாராளம். பிசினஸ் புரொஃபைலில் ‘பிரைமரி ஓனர்’ நீங்கள், அவர்கள் ‘மேனேஜர்’. அனலிட்டிக்ஸ் கணக்கும் உங்களுடையதே. சம்பளத்துக்கு இருந்த பையனின் சொந்த ஜிமெயிலில் எல்லாவற்றையும் தொடங்கிவிட்டு, அவன் பெங்களூர் போனபின் தேடி அலைகிற முதலாளிகளை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன்.

கற்றுக்கொள்வது பற்றி. முதலாளி எஸ்.இ.ஓ. நிபுணர் ஆகவேண்டியதில்லை, சர்ச் கன்சோலைப் படிக்கத் தெரிந்தால் போதும். இலவசம்தான். எந்த வார்த்தைக்கு எத்தனை முறை தோன்றினீர்கள், எத்தனை பேர் தொட்டார்கள், சராசரி இடம் என்ன, எந்தப் பக்கம் கூகுளின் கணக்கிலேயே இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். வாரம் கால் மணி நேரம். அதில் பதினாறு மாதத் தரவு கிடைக்கும் என்பது பம்ப் மாதிரியான சீசன் தொழிலுக்குப் பெரிய வசதி. ஜனவரியைவிட ஏப்ரலில் வருகை இருமடங்கு என்று ரிப்போர்ட்டில் பச்சை அம்பு போட்டுக் காட்டுவார்கள். கோடையில் கிணறு வற்றினால் பம்ப் தேடுவார்கள், அதில் எஸ்.இ.ஓ.காரரின் சாமர்த்தியம் என்ன? போன ஏப்ரலோடு இந்த ஏப்ரலை வைத்துப் பாருங்கள். கம்பெனிப் பெயரில் வந்த தேடல்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அப்போது மிச்சம் தெரிவதுதான் அவர் வேலை.

தொழிலாகக் கற்க வருகிற பிள்ளைகள் காந்திபுரம் பக்கத்துப் பயிற்சி மையங்களில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கட்டிவிட்டு என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள். சான்றிதழ் இருக்கும், இருநூறு ரேங்கிங் காரணிகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். “உன் சொந்தத் தளம் எங்கே?” என்றால் பேச்சு நின்றுவிடும். கூகுளின் எஸ்.இ.ஓ. தொடக்க வழிகாட்டி இலவசம். ஏரெஃப்ஸ், செம்ரஷ் நிறுவனங்களின் பாடங்கள் இலவசம். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற டூல் ஐந்நூறு முகவரி வரை இலவசம், ஒரு சின்னத் தளத்துக்கு அது தாராளம். டாட் இன் டொமைன் ஒன்று, மலிவான ஹோஸ்டிங் ஒன்று. உங்கள் ஊர் பேருந்து நேரமோ, அம்மாவின் சமையலோ, அப்பாவின் தறியோ, எதையாவது பற்றி முப்பது பக்கம் எழுதி, எது தேடலில் ஏறுகிறது, எது ஏறவில்லை என்று ஆறு மாதம் பாருங்கள். அந்தத் தளத்தைக் காட்டுகிற பிள்ளையைச் சான்றிதழே கேட்காமல் எடுத்துக்கொள்வேன்.

ஆள் வைத்துக்கொள்வதா, ஏஜென்சியா என்ற கேள்விக்கு என் விருப்பம் கலப்பு முறை. கம்பெனிக்குள்ளேயே, எழுதத் தெரிந்த, போட்டோ எடுக்கத் தெரிந்த ஒரு பிள்ளை. வெளியிலிருந்து மாதம் ஐந்தாறு மணி நேரம் மட்டும் வழிகாட்டும் ஓர் அனுபவசாலி. பட்டறைக்குள் நடப்பதை ஏஜென்சியில் உட்கார்ந்திருப்பவர் எழுத முடியாது. ஃபோர்மேனிடம் டீ குடித்தபடி விஷயம் கறக்கக்கூடியவர் உள்ளே இருக்கும் பிள்ளைதான். என் தொழிலுக்கு இது நஷ்டம்தான், பரவாயில்லை.

இப்போது புதிதாக ஒரு பேக்கேஜ் வந்திருக்கிறது: ‘ஏ.ஐ. பதிலில் உங்கள் பெயர் வரவைக்கிறோம்.’ கூகுள் தேடலின் தலையில் ஏ.ஐ. தொகுத்த பதில் 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. என் வாடிக்கையாளர்களின் தளங்களில் அதன் விளைவைப் பார்க்கிறேன். ‘மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை’ மாதிரியான கேள்விகளுக்கு இம்ப்ரெஷன் குறையவில்லை, தொடுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். பதில் மேலேயே கிடைத்துவிடுகிறது. விலை, டீலர், சர்வீஸ் என்று தேடுகிறவர்கள் முன்போலவே வருகிறார்கள். ஏ.ஐ. பதிலில் இடம்பெறத் தனியாக எதுவும் செய்யவேண்டியதில்லை, வழக்கமான எஸ்.இ.ஓ. போதும் என்கிறது கூகுள். ஆகவே அந்தப் பேக்கேஜ்காரரிடமும் பழைய கேள்விதான்: எத்தனை மணி நேரம், யார், என்ன செய்வீர்கள்? ரிப்போர்ட்டில் மட்டும் ஒரு மாற்றம் கேளுங்கள். வருகை எண்ணிக்கை முதல் வரியில் இருந்தது போதும். அந்த இடத்தில் வந்த அழைப்பும் வாட்ஸ்அப் விசாரணையும் வரட்டும். அதற்கு உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. போன் எடுக்கும் பிள்ளை “எங்கே பார்த்துக் கூப்பிட்டீங்க?” என்று கேட்டு நோட்டில் குறிக்கவேண்டும். பாதிக் கம்பெனிகளில் இதைச் செய்வதில்லை, அதனால் எஸ்.இ.ஓ.வால் பிரயோஜனம் உண்டா இல்லையா என்று இருதரப்புக்கும் தெரிவதில்லை.

கடைசியாக, பிரியும் நேரம். ஆறு மாதம் பார்த்தும் புதிய பக்கங்களுக்குத் தேடலில் எந்த அசைவும் இல்லை, கேட்டால் “கூகுள் அப்டேட் சார்” என்ற பதிலைத் தவிர எதுவும் வருவதில்லை என்றால் நிறுத்திவிடலாம். நிறுத்துமுன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: இதுவரை தளத்தில் செய்த மாற்றங்களின் பட்டியல், உங்களுக்காக எங்கெங்கே இணைப்பு வைத்தார்கள் என்ற பட்டியல், அவர்கள் எழுதிய பக்கங்கள் உங்களுக்கே சொந்தம் என்று ஒரு வரி மின்னஞ்சல். இரண்டாவது பட்டியல் மிக முக்கியம். நாளைக்குக் கூகுளிடமிருந்து எச்சரிக்கை வந்தால், எதை நீக்கச் சொல்வது என்று தெரியவேண்டும். மூன்றும் கைக்கு வந்தபின் கடைசி மாத பில்லைக் கொடுங்கள், பாஸ்வேர்டுகளை அன்றைக்கே மாற்றுங்கள்.